டயர் வளர்ந்தது, வண்டி உயர்ந்தது

நான்கு சக்கரமும் இழுக்கும் ஒரு ஜீப்பின் அடியில் குனிந்து பார்த்தால், தரைக்கு மிக அருகே இருப்பது சேஸியும் அல்ல, எஞ்சினும் அல்ல. ஆக்சிலின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் கூடுதான். பாறையில் முதலில் இடிப்பதும் சேற்றில் முதலில் தரைதட்டுவதும் அதுவே. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அந்தக் கூடு ஓர் அங்குலம்கூட மேலே போகாது. ஸ்பிரிங் தூக்கி நிறுத்துவது வண்டியின் உடலை. ஆக்சிலோ சக்கரத்தின் மையத்தில் மாட்டியிருக்கிறது. யூனிமாக் லாரி போன்ற சில வண்டிகளில் சக்கர மையத்துக்கு மேலே அமைந்திருக்கும் போர்ட்டல் ஆக்சிலை விட்டுவிட்டால், ஆக்சிலை உயர்த்தக்கூடியது டயர் ஒன்றுதான். டயரின் விட்டம் 4 அங்குலம் கூடினால் ஆக்சில் 2 அங்குலம் உயரும்.

பெரிய டயரை மாட்டியதும் அடுத்த சிக்கல் வருகிறது. மேட்டில் ஏறி ஸ்பிரிங் அமுங்கும்போதும், ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போதும் டயர் மட்கார்டில் உரசும். அதற்கு இடம் கொடுக்க முக்கிய வழிகள் இரண்டு: மட்கார்டை வெட்டுவது, அல்லது உடலை மேலே தூக்குவது. இரண்டாவது வழியில் முதன்மையானது சஸ்பென்ஷன் லிஃப்ட். இந்தக் கலையின் வரலாறு முழுவதிலும் டயரே முன்னால் சென்றது. ஸ்பிரிங், ஷாஃப்ட், கிரவுன், பிரேக், கடைசியில் சட்டம் என மற்றவை அதன் பின்னால் வந்தன.

பாலைவனமும் போர்க்களமும்

மென்மையான தரையில் வண்டி ஓடுவதற்கு டயர் தரையைத் தொடும் பரப்பே முக்கியம் என்பதை முதலில் நடைமுறையில் கற்றவர்களில் பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் ரால்ஃப் பேக்னோல்ட் ஒருவர். 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் அவரும் நண்பர்களும் ஃபோர்டு மாடல் டி, மாடல் ஏ கார்களில் லிபியப் பாலைவனத்தைக் குறுக்கே கடந்தார்கள். மணல் வரும்போது டயரில் காற்றை இறக்கினார்கள். புதைந்தபோது சக்கரத்துக்கு முன்னால் இரும்புத் தடங்களைப் போட்டு ஏறினார்கள். காற்று இறங்கிய டயர் தட்டையாகிப் பரந்து நிற்பதால், அதே எடை அதிகப் பரப்பில் பரவி வண்டி புதையாமல் மிதக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் அந்த அனுபவம் இயந்திரமாக உருப்பெற்றது. 1942இல் வந்த அமெரிக்காவின் டக் என்ற நீர்நில லாரியில், ஓட்டுநர் தம் இருக்கையில் இருந்தபடியே டயர்களின் காற்றழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. கடலிலிருந்து கரையேறும்போது மணலுக்கு மென்மையான டயர், தார்ச்சாலையை அடைந்ததும் கெட்டியான டயர். பிற்காலத்தில் மேடுபள்ளத்தில் வண்டி ஓட்டுவோர் அனைவரும் கையால் செய்யும் வேலையை அந்த லாரி குழாய்களால் செய்தது.

அதே போரில் பிறந்தது வில்லிஸ் ஜீப். 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்தன. அவற்றின் டயர் 6.00-16 அளவு: 6 அங்குல அகலம், 16 அங்குல ரிம், மொத்த விட்டம் சுமார் 29 அங்குலம். மெலிந்த, உயரமான அந்த டயர் எடை குறைந்த ஜீப்புக்குச் சேற்றிலும் புழுதியிலும் போதுமானதாக இருந்தது. மணலிலும் பாறையிலும் அதன் எல்லை தெரிந்தது.

போர் முடிந்த பிறகு

போருக்குப் பின் மிஞ்சிய ராணுவ ஜீப்புகளும், 1945இல் விற்பனைக்கு வந்த சிஜே-2ஏ என்ற பொதுமக்கள் ஜீப்பும் அமெரிக்கக் கிராமங்களுக்கும் மலைகளுக்கும் போய்ச் சேர்ந்தன. உழவுக்கும் வேட்டைக்கும் வாங்கிய வண்டியை விடுமுறை நாளில் காட்டுத்தடத்தில் ஓட்டிப் பார்ப்பது மெல்ல ஒரு வழக்கமானது. கலிஃபோர்னியாவின் ஜார்ஜ்டவுனிலிருந்து டாஹோ ஏரி வரை சியரா நெவாடா மலையைக் கடக்கும் ரூபிகான் தடத்தில், மார்க் ஸ்மித் என்பவர் முன்னின்று 1953இல் முதல் ஜீப்பர்ஸ் ஜம்போரியை நடத்தினார். ஐம்பதுக்கும் மேற்பட்ட ஜீப்புகள் அதில் கலந்துகொண்டன. கருங்கல் பாளங்களும் உருண்டைப் பாறைகளும் நிறைந்த அந்தத் தடம், ஜீப்பின் அடிவயிற்றைச் சோதிக்கும் இடமாக இன்றும் இருக்கிறது. யூட்டா மாநிலத்தின் மோவாபில் ஈஸ்டர் ஜீப் சஃபாரி 1967இல் தொடங்கியது. அங்கே பாறை வழுக்காத செம்மணற்கல். டயருக்குப் பிடிப்பு நன்றாகக் கிடைப்பதால் மேலும் செங்குத்தான சரிவுகளில் ஏற ஓட்டுநர்கள் துணிந்தார்கள்.

இந்தக் கூட்டங்கள்தான் மாற்றங்களைப் பரப்பிய பள்ளிகள். ஒருவருடைய வண்டி எங்கே சிக்கியது, இன்னொருவருடைய வண்டி எதனால் தாண்டியது என்பதை எல்லோரும் நேரில் கண்டார்கள். பக்கத்து வண்டியின் டயர் இரண்டு அங்குலம் பெரிது என்றால், அடுத்த ஆண்டு பலருடைய டயரும் இரண்டு அங்குலம் வளர்ந்திருக்கும்.

அகல டயரும் வெட்டிய மட்கார்டும்

1960களில் தெற்குக் கலிஃபோர்னியாவின் பாலைவனம் புதிய தேவையை உருவாக்கியது. அங்கே மணல் மேடுகளில் ஓட்டுவதற்குக் கடைகளில் கிடைத்த கார் டயரும் லாரி டயரும் உதவவில்லை. பாலைவனப் பயணத்தில் ஆர்வம் கொண்ட டிக் செப்பெக், குறைந்த காற்றழுத்தத்தில் ஓடக்கூடிய அகலமான டயர்களைத் தேடிப் பிடித்து விற்கத் தொடங்கினார். அவருடைய விற்பனைப் பட்டியல் தபாலில் பல ஊர்களுக்குச் சென்றது. பெரிய டயர் என்பது தனியான ஒரு வியாபாரம் ஆனது இப்படித்தான்.

1967 நவம்பரில் மெக்ஸிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தில், டிஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை முதல் மெக்ஸிகன் 1000 பந்தயம் நடந்தது. அதில் வென்றது மேயர்ஸ் மேங்ஸ் என்ற சிறிய பக்கி: எடை குறைந்த கண்ணாடியிழை உடல், ஃபோக்ஸ்வாகன் எஞ்சின், அகலமான டயர். அதற்கு நான்கு சக்கர இழுவைகூட இல்லை. குறைந்த எடையும் பரந்த டயரும் எவ்வளவு சாதிக்கும் என்பதை அந்த வெற்றி எல்லோருக்கும் காட்டியது. 1969இல் ராட் ஹால், லாரி மைனர் ஆகிய இருவரும் ஓட்டிய ஃபோர்டு பிராங்கோ அதே தீபகற்பப் பந்தயத்தில் ஒட்டுமொத்த வெற்றி பெற்றது. நான்கு சக்கர இழுவை வண்டிக்கு அது பெரும் பெருமை.

1966ஆம் ஆண்டு மாடலாக வந்த பிராங்கோவின் பின் மட்கார்டு திறப்பு மிகச் சிறியது. பெரிய டயர் மாட்ட விரும்பியவர்கள் அதன் பின்பக்கத் தகட்டை வட்டமாக வெட்டி, விளிம்பில் அகலமான பட்டையைப் பொருத்தினார்கள். பந்தய வண்டிகளைத் தயாரித்த பில் ஸ்ட்ராப் 1971 முதல் 1975 வரை விற்ற பாஹா பிராங்கோவில், இந்த வெட்டும் பட்டையும் அகல டயரும் விற்பனைக்கு வரும்போதே இருந்தன. அக்காலத்தில் இவ்வாறு வெட்டப்படாமல் தப்பிய பிராங்கோ மிகவும் குறைவு. இன்று சேகரிப்பாளர்கள் வெட்டுப்படாத வண்டிக்குத் தனி விலை கொடுக்கிறார்கள்.

கமான் பட்டையை மேலே ஏற்றியவர்கள்

வெட்ட விரும்பாதவர்களுக்கும், வெட்டியும் இடம் போதாதவர்களுக்கும் உயர்த்துவதே வழி. அந்தக் கால ஜீப்புகளின் அமைப்பு இதற்கு வாய்ப்பாக இருந்தது. வில்லிஸ் ஜீப் முதல் 1986 வரை வந்த சிஜே-7 வரையிலும், பின்னர் 1987இல் வந்த முதல் ராங்ளரிலும், ஸ்பிரிங்காக இருந்த கமான் பட்டைகள் ஆக்சில் குழாய்க்குக் கீழே கட்டப்பட்டிருந்தன. சுஸுகி சாமுராய், அதன் இந்திய உறவான மாருதி ஜிப்ஸி ஆகியவற்றிலும் அதே ஏற்பாடுதான்.

பட்டறைகள் அந்த வரிசையைத் தலைகீழாக்கின. வண்டியைத் தாங்கிகளில் நிறுத்தி, யூ போல்ட்டுகளைக் கழற்றி, ஆக்சிலைப் பட்டைக்குக் கீழே கொண்டுவருவார்கள். ஆக்சில் குழாயின் மேல்பக்கத்தில் பட்டை உட்காரும் புதிய இருக்கைகளை வெல்டிங் செய்வார்கள். குழாயின் தடிமனும் பட்டைக் கட்டின் தடிமனும் இருக்கையின் உயரமும் சேர்ந்து, வண்டி 5 அங்குலம் அல்லது அதற்கு மேல் உயரும். புதிய ஸ்பிரிங் வாங்க வேண்டியதில்லை. பழைய மென்மையான பட்டையே இருப்பதால் பயணமும் கடினமாகாது. குறைந்த செலவில் இவ்வளவு உயரம் தந்த வேறு வழி இல்லை.

ஆனால் இருக்கையை எந்தக் கோணத்தில் வெல்டிங் செய்வது என்பதில்தான் வேலைக்காரரின் கை தெரியும். பின் ஆக்சிலில் சில பாகை தவறினால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டு அதிர்ந்து விரைவில் தேயும். முன் ஆக்சிலில் தவறினால் சக்கரத்தின் காஸ்டர் கோணம் கெட்டு, ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்ப மறுக்கும். பட்டைக்கு மேலே இருந்த ஆக்சில் இப்போது பட்டைக்குக் கீழே தொங்குவதால், எஞ்சின் முழு விசையுடன் இழுக்கும்போது ஆக்சில் சுழல முயன்று பட்டையை எஸ் வடிவில் முறுக்கும். அதைத் தடுக்கச் சேஸிக்கும் ஆக்சிலுக்கும் இடையே ஒரு தண்டு தேவைப்பட்டது. ஸ்டீயரிங் தண்டும் இடம் மாற வேண்டியிருந்தது.

இதற்கு மாற்றாக வந்தவை வேறு சில முறைகள். அதிக வளைவுள்ள புதிய பட்டைகளைப் போடுவது ஒன்று. பட்டையின் காதில் நீண்ட ஷேக்கிளை மாட்டுவது மற்றொன்று; ஷேக்கிள் 2 அங்குலம் நீண்டால் வண்டி 1 அங்குலமே உயரும். உடலுக்கும் சேஸிக்கும் நடுவே கட்டைகள் வைத்து உடலை மட்டும் தூக்குவது மூன்றாவது. 1997இல் ராங்ளர் நான்கு மூலைகளிலும் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறிய பின், நீளமான சுருளையும் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரையும் மாட்டுவதே பொதுவழக்கமாகிவிட்டது.

உயரத்துக்குக் கொடுத்த விலை

டயர் ஒரு சுற்றில் கடக்கும் தூரம் அதன் விட்டத்தைப் பொறுத்தது. 29 அங்குல டயரை எடுத்துவிட்டு 33 அங்குலம் போட்டால், ஒவ்வொரு சுற்றிலும் வண்டி சுமார் 14 விழுக்காடு கூடுதலாக நகரும். வேகமானி 100 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி உண்மையில் 114இல் போய்க்கொண்டிருக்கும். எஞ்சினுக்கோ ஒவ்வொரு கியரும் ஏறத்தாழ அரைக் கியர் உயர்ந்ததுபோல் கனக்கும், ஏற்றத்தில் மூச்சுவாங்கும். அதைச் சரிசெய்ய ஆக்சிலின் உள்ளே கிரவுன் பினியன் பல்சக்கரங்களை மாற்ற வேண்டும். 3.73 விகிதம் இருந்த இடத்தில் 4.24 அளவுக்கு அருகே உள்ள விகிதம் தேவை. சந்தையில் கிடைக்கும் 4.10 அல்லது 4.56 இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள்.

பெரிய டயர் கனமானது. அந்தக் கனம் மையத்திலிருந்து தள்ளி இருக்கிறது. அதைச் சுழற்றத் தேவைப்படும் விசை ஆக்சில் தண்டுகளை முறுக்குகிறது. நிறுத்தத் தேவைப்படும் விசை பிரேக்கைச் சோதிக்கிறது. தொழிற்சாலை 29 அங்குல டயருக்குக் கணக்கிட்ட பிரேக், 35 அங்குல டயரைத் தாமதமாகவே நிறுத்தும். உடல் உயர்ந்ததால் ஈர்ப்பு மையமும் உயர்ந்து, வளைவிலும் பக்கச் சரிவிலும் வண்டி கவிழும் ஆபத்து கூடும். பிரேக் குழாய் நீளம் போதாமல் இழுபட்டால் ஒரே குலுக்கலில் அறுந்துபோகலாம். இவற்றைக் கவனிக்காமல் உயர்த்திய வண்டிகள் ஓட்டுநருக்கும் எதிரில் வருவோருக்கும் ஆபத்தாக இருந்தன. நல்ல பட்டறைகள் லிஃப்ட்டைத் தனிப் பொருளாக விற்காமல் ஷாக், பிரேக் குழாய், ஸ்டீயரிங் தண்டு, தடுப்புக் கட்டை ஆகியவற்றுடன் சேர்த்து ஒரே தொகுப்பாகத் தரத் தொடங்கியது இந்த அனுபவத்தால்தான்.

ரேடியலும் ராட்சத வண்டிகளும்

1970களின் நடுப்பகுதி வரை கரடுமுரடான தடத்துக்கான டயர்கள் பெரும்பாலும் குறுக்குப்பின்னல் டயர்கள். பக்கச்சுவர் தடித்தது, முரடானது. சாலையில் சூடாகி, குதித்து ஓடும். 1976இல் பிஎஃப் குட்ரிச் வெளியிட்ட ஆல் டெரெயின் ரேடியல் டயர், வளையும் பக்கச்சுவரையும் உறுதியான தரைப் பகுதியையும் ஒன்றாகக் கொண்டுவந்தது. 1980இல் அதே நிறுவனத்தின் மட் டெரெயின் வந்தது. வார நாளில் வேலைக்கும் வார இறுதியில் மலைக்கும் ஒரே டயரில் போக முடிந்ததும், பெரிய டயர் பந்தயக்காரர்களின் கையிலிருந்து சாதாரண மக்களுக்கு வந்தது. 31, 33, 35 என விட்டத்தை அங்குலத்தில் முதலில் எழுதும் அளவுமுறையும் பரவியது, 33×12.50R15 என்றால் 33 அங்குல விட்டம், 12.5 அங்குல அகலம், ரேடியல் கட்டமைப்பு, 15 அங்குல ரிம்.

இன்னொரு பக்கம் அளவே காட்சியாக மாறியது. மிசௌரி மாநிலத்தில் நான்கு சக்கர வண்டிகளுக்குக் கடை நடத்திய பாப் சாண்ட்லர், தம் 1974 மாடல் ஃபோர்டு எஃப்-250 பிக்கப்பில் ஒவ்வொரு முறையும் பெரிய டயரைப் போட்டுக்கொண்டே போனார். டயர் பெரிதாக ஆக்சில் உடைந்தது. உடைந்த ஆக்சிலுக்குப் பதில் ராணுவ லாரியின் ஆக்சில் வந்தது. ஆக்சில் வலுவானதும் டயர் மேலும் பெரிதானது. 1981இல் 48 அங்குல டயருடன் பிக்ஃபுட் என்ற அந்த வண்டி பழைய கார்களின் மேல் ஏறி நசுக்கியது. 1982இல் பான்டியாக் சில்வர்டோம் அரங்கில் 66 அங்குல டயருடன் வந்த அடுத்த பிக்ஃபுட் மான்ஸ்டர் டிரக் என்ற கேளிக்கைத் தொழிலையே தொடங்கிவைத்தது.

அந்தக் காட்சியின் தாக்கத்தில், காட்டுத்தடத்தையே பார்க்காத பிக்கப்புகளும் சாலையில் மிக உயரமாக ஓடத் தொடங்கின. உயர்ந்த வண்டியின் பம்பர் எதிரே வரும் காரின் பம்பரில் மோதாமல் அதற்கு மேலே மோதும். இதைத் தடுக்க அமெரிக்க மாநிலங்கள் பல, பம்பர் உயரத்துக்கோ சேஸி உயரத்துக்கோ உச்சவரம்பு விதித்தன. வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் இன்றும் வேறுபடுகிறது.

ஐஸ்லாந்தின் வழி

மிகப் பெரிய டயரை மிகுந்த பொறுப்புடன் பயன்படுத்திய நாடு ஐஸ்லாந்து. போர்க்காலத்தில் அங்கே இருந்த பிரிட்டிஷ், அமெரிக்கப் படைகள் மூலம் ஜீப் அந்தத் தீவுக்கு அறிமுகமானது. பாலமில்லாத ஆறுகளையும் எரிமலைக் கற்காடுகளையும் கடக்க விவசாயிகளுக்கு அது உதவியது. ஏறத்தாழ 8,000 சதுர கிலோமீட்டர் பரந்த வாட்னாயோகுட்ல் போன்ற பனிப்பாறைகளில் குளிர்காலத்தில் பயணிக்க 1980களில் ஒரு புதிய முறை உருவானது. 38 அங்குலம், பின்னர் 44 அங்குலம் என அமெரிக்காவிலிருந்து வந்த டயர்களை மிக அகலமான ரிம்களில் மாட்டி, காற்றை ஏறக்குறைய முழுதாக இறக்கிவிட்டுப் பனியின் மேல் ஓட்டினார்கள்.

பனிப்பாறையின் விளிம்பை அடைந்ததும் வண்டிகள் நிற்கும். 20 பிஎஸ்ஐக்கு மேல் இருந்த காற்று 4, 3, பனி மிக மென்மையாக இருந்தால் 2 பிஎஸ்ஐ வரை இறக்கப்படும். டயரின் பக்கச்சுவர் மடிந்து, தரையைத் தொடும் பகுதி நீண்டு படரும். 3 பிஎஸ்ஐ என்பது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.2 கிலோ, ஒரு மனிதர் இரு கால்களில் நிற்கும்போது தரையில் ஏற்படுத்தும் அழுத்தத்துக்கு அருகில் அது. அதனால்தான் இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி, மனிதர் நடந்தால் புதையாத பனியில் தானும் புதையாமல் போகிறது. அவ்வளவு குறைந்த காற்றில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடக்கூடும் என்பதால், டயரின் விளிம்பை ரிம்மோடு ஒட்டினார்கள் அல்லது பூட்டு வளையம் போட்டார்கள். திரும்பும்போது காற்று நிரப்ப வண்டியிலேயே கம்ப்ரஸர் இருக்கும்.

ஐஸ்லாந்துப் பட்டறைகள் வண்டியை அளவுக்கு மீறி உயர்த்தவில்லை. மட்கார்டையும் கதவோரத் தகட்டையும் வெட்டி, பெரிய விளிம்புப் பட்டை போட்டு, தேவைப்பட்டால் ஆக்சிலை முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்தி, டயருக்கு இடம் செய்தார்கள். ஈர்ப்பு மையம் தாழ்வாக இருந்ததால் பனிச்சரிவிலும் வண்டி நிலையாக நின்றது. மாற்றிய வண்டி தனிப் பரிசோதனைக்கு உட்பட்டு மாற்றப்பட்ட வண்டியாகவே பதிவாகும் ஏற்பாடும் அங்கே வந்தது. தடை செய்யாமல், அளந்து பார்த்து அனுமதிக்கும் அந்த முறை மற்ற நாடுகள் கற்கவேண்டிய ஒன்று. மீட்புக் குழுக்கள் இந்த வண்டிகளில்தான் பனிப்புயலில் சிக்கியவர்களைத் தேடிச் செல்கின்றன. 1990இல் ஐஸ்லாந்தின் டொயோட்டா விற்பனையாளரின் ஒரு பிரிவாகத் தொடங்கிய ஆர்க்டிக் டிரக்ஸ், பின்னர் அண்டார்க்டிகா வரை இந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டுசென்றது. 2007இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சியான டாப் கியருக்காக அந்த நிறுவனம் மாற்றிக்கொடுத்த ஹைலக்ஸ், உறைந்த கடலின் மேல் ஓடி, 1996ஆம் ஆண்டு காந்த வடதுருவம் இருந்த இடத்தை அடைந்தது.

தொழிற்சாலைக்குள் வந்த லிஃப்ட்

பட்டறைகள் பல பத்தாண்டுகள் செய்ததை வாகன நிறுவனங்களே செய்யத் தொடங்கியது 2000களில். 2003 மாடல் ராங்ளர் ரூபிகானில் 31 அங்குல டயர், இரு பக்கமும் கனமான டானா 44 ஆக்சில், பூட்டும் டிஃபரன்ஷியல், 4:1 தாழ்விகிதம் ஆகியவை ஷோரூமிலேயே கிடைத்தன. 2010இல் ஃபோர்டு எஃப்-150 ராப்டர் 35 அங்குல டயருடன் வந்தது. 2021இல் மீண்டும் பிறந்த பிராங்கோவின் ஸாஸ்க்வாட்ச் தொகுப்பில் 35 அங்குல டயருக்கேற்ற 4.7 கிரவுன் விகிதமும் அகலமான மட்கார்டும் சேர்ந்தே வந்தன; 2022இன் பிராங்கோ ராப்டருக்கு 37 அங்குலம். தாத்தா பிராங்கோவின் தகட்டை ரம்பத்தால் அறுத்த தலைமுறை தேடியதை, பேரன் பிராங்கோ வாரண்டியுடன் தந்தது.

இந்தியாவில் இந்த வழக்கம் மஹிந்திரா ஜீப்பிலும் மாருதி ஜிப்ஸியிலும் வேர்விட்டது. ஜிப்ஸியின் பட்டையை ஆக்சிலுக்கு மேலே ஏற்றும் வேலை ஆர்வலர்களிடையே நன்கு அறியப்பட்டது. 2014 முதல் கோவாவில் மழைக்காலத்தில் நடந்த ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டிகள் அதை மேலும் பரப்பின. ஆனால் பொதுச்சாலையின் நிலை வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை விளக்கி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் அளித்த தீர்ப்பு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று உறுதிப்படுத்தியது. தடத்துக்காக உயர்த்திய வண்டியைச் சாலையில் ஓட்டுவோர் பதிவுச் சான்றிதழையும் காப்பீட்டையும் பணயம் வைக்கிறார்கள்.

வண்டி எதுவாக இருந்தாலும், சரியான வேலையின் வரிசையை இந்த வரலாறு வகுத்துத் தந்திருக்கிறது. முதலில் தடத்துக்குத் தேவையான டயர் அளவை முடிவு செய்வது. அது உரசாமல் சுற்ற எவ்வளவு மட்கார்டு வெட்ட வேண்டும், எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று அளப்பது. அந்த அளவுக்கு மேல் ஓர் அங்குலமும் உயர்த்தாமல் நிறுத்துவது. அதன் பிறகு கிரவுன் விகிதம், ஷாஃப்ட் கோணம், பிரேக், ஸ்டீயரிங், வேகமானி ஆகிய ஒவ்வொன்றையும் புதிய டயருக்கு ஏற்பச் சரிசெய்வது. ஐஸ்லாந்துப் பட்டறையும் இன்றைய தொழிற்சாலையும் பின்பற்றுவது இந்த வரிசையைத்தான்.